கடைசி இதழ் ஏன் சொதப்புகிறது? ஆவி பழிவாங்கும் காமிக்ஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொலையுண்ட ஒருவன் கல்லறையிலிருந்து எழுந்து வந்து, தன்னைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் பிடிக்கிற காமிக்ஸ் தொடர்கள் என்றால் எனக்கு உயிர். முதல் இதழ் பெரும்பாலும் பிரமாதமாக இருக்கும். நடுவில் கொஞ்சம் ஆட்டம் கண்டாலும் பொறுத்துக்கொள்வேன். கடைசி இதழை மூடும்போதுதான் 'இதுக்குத்தானா இவ்வளவு நாள்?' என்று வயிற்றெரிச்சலாக இருக்கும். அந்த வயிற்றெரிச்சலைப் பற்றி நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். சில தொடர்களின் முடிவை உடைத்துச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. டொரோரோ, தி க்ரோ, ஸ்பெக்டர், ஸ்பான், டெத் நோட் இவற்றை இனிமேல்தான் படிக்கப்போகிறீர்கள் என்றால் அந்தப் பெயர்கள் வரும் இடங்களைத் தாண்டிவிடுங்கள்.

சொதப்பிய முடிவு என்று எதைச் சொல்கிறீர்கள்? நாயகன் செத்துப்போவதையா?

செத்துப்போவதில் என்ன இருக்கிறது, அவன் முதல் பக்கத்திலேயே செத்தவன்தானே! சோகமான முடிவு வேறு, சொதப்பலான முடிவு வேறு. என்னை அழ வைத்த கடைசி இதழை நான் குறை சொன்னதே இல்லை.

பேச வசதியாக நானே ஒரு கதை கட்டுகிறேன். ஒரு படகோட்டி. ஐந்து பேர் சேர்ந்து அவன் கையைக் கட்டி ஆற்றில் தள்ளிவிடுகிறார்கள். கரையில் விளக்கோடு அவன் மகள் காத்திருக்கிறாள். ஏழாம் நாள் ராத்திரி அவன் எழுந்து வருகிறான். போகிற இடமெல்லாம் ஈரக் காலடி. பேச வாயைத் திறந்தால் தண்ணீர்தான் கொட்டுகிறது. ஐவரில் ஒருவன் சாகும்போதெல்லாம் அவன் உடம்பில் கொஞ்சம் தண்ணீர் வற்றுகிறது: முதலில் கழுத்தளவு, அப்புறம் நெஞ்சளவு, இடுப்பளவு. முழுக்க வற்றிய அன்று அவன் என்ன ஆவான்? வெறும் எலும்பா, மறுபடியும் மனிதனா? மொத்தம் ஆறு இதழ்.

இதில் வாசகனுக்குக் கொடுத்த வாக்கு இரண்டு. ஒன்று, அந்தத் தண்ணீர்க் கணக்கு. இன்னொன்று, கரையில் நிற்கும் அந்தப் பெண். ஐந்தாவது ஆள் சாவான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்காக யாரும் ஆறு மாதம் காத்திருப்பதில்லை. இந்த இரண்டு வாக்கையும் கடைசி இதழ் மறந்துவிட்டால் அதைத்தான் நான் சொதப்பல் என்கிறேன்.

இவ்வளவு தெளிவான கதையை எப்படித்தான் கெடுக்க முடியும்?

சுலபமாக. ஆறாவது இதழைப் பிரியுங்கள். ஐந்தாவது ஆள் வெறும் அடியாள்தான், அவனை ஆட்டிவைத்தது ஆற்றின் அடியில் ஆயிரம் வருடமாகத் தூங்கும் ஒரு பூதம் என்று ஒரு சாமியார் வந்து இரண்டு பக்கம் வசனம் பேசுகிறார். இதற்கு முன் இந்தச் சாமியாரை நாம் பார்த்ததே இல்லை. அடுத்த பன்னிரண்டு பக்கம் சண்டை. படகோட்டியின் கையிலிருந்து நீல ஒளி புறப்படுகிறது. இது எப்போது வந்தது என்று கேட்கக் கூடாது. பதினெட்டாம் பக்கத்தில் பூதம் வெடிக்கிறது. பத்தொன்பதில் படகோட்டி வானத்தைப் பார்த்து 'முடிந்தது' என்கிறான். இருபதில் ஆற்றுக்குள்ளே ஒரு கண் திறக்கிறது. அடுத்த தொடருக்கு அச்சாரம் போட்டாகிவிட்டது.

இப்போது அவன் காலைப் பாருங்கள். காய்ந்து கிடக்கிறது. ஐந்து இதழாகக் கட்டம் கட்டமாக வரைந்த ஈரக் காலடி ஒன்றுகூட இல்லை. மகள் எங்கே? எட்டாம் பக்கத்தில், சண்டையைப் பார்த்துச் சிதறி ஓடும் கூட்டத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி போகிறாள். அவளாக இருக்கலாம்.

கடைசியில் பெரிய வில்லன் வருவதில் என்ன தப்பு? சுவாரஸ்யம் கூடும்தானே?

கூடுவது சத்தம்தான். பழிவாங்கும் கதை என்பது அடிப்படையில் ரொம்பச் சின்ன விஷயம். என்னை இவன் கொன்றான், அல்லது என் ஆளை இவன் கொன்றான். அந்தச் சின்ன அளவுதான் அதன் பலம். அதில் பூதத்தையோ உலகத்தை விழுங்கும் நரகத்தையோ கொண்டுவந்தால், அந்த ஐந்து பேர் செய்த பாவம் யார் கணக்கில் போகும்? 'பூதம் சொல்லித்தான் தள்ளினேன்' என்று அவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நாலு இதழாக நாம் யாரை வெறுத்தோமோ அவர்கள் எல்லோரும் திடீரென்று பாவப்பட்ட பொம்மைகள் ஆகிவிடுகிறார்கள். கோபத்தை வைக்க இடமில்லாமல் வாசகன் முழிக்கிறான்.

இது கதாசிரியர் தப்பா, பதிப்பாளர் தப்பா?

பாதிக்குப் பாதி. அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதைக்குக் கிடைப்பது சுமார் இருபது, இருபத்திரண்டு பக்கம். கடைக்காரர்கள் பிரதிகளை முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்; முதல் இதழ் வெளிவந்து வாசகர் என்ன சொல்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே மூன்றாவது இதழுக்கு எண்ணிக்கை கேட்பார்கள். அதனால் இரண்டாவது இதழிலிருந்தே எண்ணிக்கை சரிவது சகஜம். பன்னிரண்டு இதழுக்குத் திட்டம் போட்ட கதையை 'எட்டில் முடித்துக்கொடு' என்று சொல்லும் நாள் வந்துவிடும். ஜப்பானில் இன்னும் கொடுமை. வார இதழ்களில் வாசகர் கருத்து அட்டையில் பின்தங்கினால் சில வாரங்களிலேயே கதைக்கு மூடுவிழா.

கொலையுண்டு திரும்பி வந்து குற்றவாளிகளைத் தண்டிக்கும் போலீஸ்காரன் ஒருவனின் ஆவிதான் ஸ்பெக்டர். 1974-75இல் அவன் கதைகளுக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். எழுதியவர் மைக்கேல் ஃப்ளெய்ஷர், வரைந்தவர் ஜிம் அபாரோ. அட்வென்ச்சர் காமிக்ஸ் இதழில் 431 முதல் 440 வரை பத்தே பத்துக் கதைகள். ஸ்பெக்டர் குற்றவாளியை மரக்கட்டையாக மாற்றி ரம்பத்தால் அறுப்பான், ராட்சதக் கத்தரியால் நறுக்குவான். அந்த விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார்கள். எழுதி வைத்திருந்த மூன்று கதைகள் அப்படியே தூங்கின. 1988இல் பழைய கதைகளை மறுபதிப்புப் போட்டபோதுதான் அபாரோ அவற்றை வரைந்து முடித்தார். பதின்மூன்று வருட இடைவெளி!

ஆனால் எல்லாப் பழியையும் பதிப்பாளர் தலையில் கட்ட முடியாது. பக்கம் தாராளமாகக் கிடைத்தும் பூதத்தைக் கூட்டிவந்தவர்கள் இருக்கிறார்கள்.

நடுவில் நிறுத்தப்பட்ட கதைகளில் உங்களை அதிகம் ஏமாற்றியது எது?

டொரோரோ. சந்தேகமே இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வகைக் கதைக்கு இதைவிட அழகான அஸ்திவாரம் யாரும் போட்டதில்லை.

ஒசாமு தெசூக்கா வரைந்த மங்கா, அதாவது ஜப்பானிய காமிக்ஸ். டைகோ ககேமிட்சு என்ற ஆள் நாட்டை ஆளும் ஆசையில் 48 பிசாசுகளோடு ஒப்பந்தம் போடுகிறான். விலை, இனிமேல் பிறக்கப்போகும் தன் மகன். ஆளுக்கொரு உறுப்பாகப் பிசாசுகள் பங்கு போட்டுக்கொள்ள, கண், காது, கை, கால் எதுவும் இல்லாத ஒரு பிண்டமாகக் குழந்தை பிறக்கிறது. அதை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். ஒரு மருத்துவர் எடுத்து வளர்த்துச் செயற்கை உறுப்புகள் பொருத்துகிறார். பொய்க் கைக்குள்ளே கத்தி. அந்தப் பையன்தான் ஹ்யாக்கிமாரு. ஒரு பிசாசைக் கொன்றால் ஓர் உறுப்பு திரும்ப வரும். கூடவே ஒட்டிக்கொள்ளும் குட்டித் திருடன்தான் டொரோரோ.

எவ்வளவு சுத்தமான கணக்கு, பாருங்கள். 48 கொலை, 48 உறுப்பு. ஒவ்வொரு வெற்றியும் அவன் உடம்பிலேயே தெரியும். பொய்க்கால் கழன்று விழுந்து நிஜக்கால் முளைக்கும்போது வலியில் துடிப்பான். வெற்றியை இப்படி வலியாகக் காட்டுகிற கதை அபூர்வம்.

1967 ஆகஸ்டில் ஷோனென் சண்டே வார இதழில் தொடங்கியது. 1968 ஜூலையில் பாதியில் நின்றது. 1969இல் இன்னோர் இதழில் தொடர்ந்து ஒருவழியாக முடித்தார்கள். எப்படி முடித்தார்கள்? பாதிப் பிசாசுகளுக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே. மிச்சத்தைத் தேடி ஹ்யாக்கிமாரு தனியாகக் கிளம்புகிறான். டொரோரோ பின்னால் நிற்கிறது. சில வரி வர்ணனையில் கதையை மூடிவிட்டார் தெசூக்கா. நான் முதல் தடவை படித்தபோது பக்கம் கிழிந்துபோயிருக்கிறது என்று நினைத்துப் பின்னட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அந்தக் கணக்கை யாரும் முடிக்கவே இல்லையா?

இங்கேதான் வேடிக்கை. 2004இல் சேகா நிறுவனம் இதை வீடியோ கேமாக வெளியிட்டது. அதில் 48 பேரையும் அடிக்கலாம். தெசூக்கா விட்டுப்போன பாக்கியைக் கையில் கண்ட்ரோலரை வைத்துக்கொண்டு நாமே வசூல் பண்ணலாம். 2019இல் வந்த அனிமே, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் தொடருக்கு மொத்தம் 24 எபிசோட்தான். அவர்கள் செய்த முதல் காரியம், 48ஐ 12 ஆக்கியது. புத்திசாலித்தனம்! முடிக்கக்கூடிய கணக்காக மாற்றிக்கொண்டு ஆரம்பித்தார்கள், முடித்தும் காட்டினார்கள். அதோடு, அப்பா போட்ட ஒப்பந்தத்தால் ஊர் செழித்தது, மகனுக்கு உறுப்புகள் திரும்பக் கிடைக்கக் கிடைக்க ஊரில் பஞ்சம் தலைகாட்டுகிறது என்று ஒரு முடிச்சையும் போட்டார்கள். பழிவாங்குகிறவனுக்கும் விலை உண்டு என்று ஆனது.

நேர்மையாகச் சொன்னால், மூல மங்காவின் அரைகுறை முடிவைத் திட்டிக்கொண்டேதான் அதை நாலு தடவை படித்திருக்கிறேன். 2009இல் அதன் ஆங்கிலப் பதிப்புக்கு, அமெரிக்கக் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர் விருது கிடைத்தது. முடிவு இல்லாத கதைக்கு விருது கொடுத்தவர்களுக்கும் என் நிலைமைதான் போலிருக்கிறது.

அப்படியானால் சின்னக் கதையாக எழுதுவதுதான் நல்லதா?

இந்த வகைக்குச் சின்ன அளவு பொருந்தும் என்பது உண்மை. 1950களின் முதல் பாதியில் இசி காமிக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம் போட்ட திகில் இதழ்களில் ஒரு கதைக்கு ஏழெட்டுப் பக்கம்தான். அதில் ஒரு கதை: ஏழைக் கிழவர் ஒருவரைப் பக்கத்து வீட்டுப் பணக்கார அப்பாவும் மகனும் ஊரைவிட்டு விரட்டப் பார்க்கிறார்கள். காதலர் தினத்தன்று ஊர் மொத்தமும் அனுப்பியதுபோல வசை நிறைந்த வாழ்த்து அட்டைகளை அவருக்கு அனுப்புகிறார்கள். மனம் உடைந்து கிழவர் செத்துப்போகிறார். அடுத்த வருடம் அதே நாளில் எழுந்து வருகிறார். அவரும் ஒரு வாழ்த்து அனுப்புகிறார், உள்ளே நிஜமான இதயத்தோடு. முடிந்தது கதை. எந்த ஆயுதத்தால் அடித்தார்களோ அதே ஆயுதம் திரும்பி வருகிறது. ஒரு கட்டம்கூட வீண் இல்லை.

1954இல் அமெரிக்காவில் வந்த காமிக்ஸ் தணிக்கை விதிகள் இந்தச் சங்கதிக்கே பூட்டுப் போட்டன. நடமாடும் பிணம், ரத்தக்காட்டேரி, பிணந்தின்னி எதுவும் கூடாது. எப்போதும் நல்லது ஜெயிக்க வேண்டும், குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும். பிணம் எழுந்து வந்து தண்டித்தால் இரண்டாவது விதிக்குச் சரி, முதல் விதிக்குத் தப்பு! 1971இல் விதிகள் தளர்ந்தன. 1972இல் தீப்பிடித்த மண்டையோட்டுத் தலையோடு கோஸ்ட் ரைடர் வந்தான், 1974இல் ஸ்பெக்டர் கத்தரியோடு வந்தான். ஆனால் இப்போது அவர்கள் எட்டுப் பக்கக் கதை மாந்தர்கள் அல்ல, மாதாமாதம் வரவேண்டிய தொடர் நாயகர்கள். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பழி தீர்ந்தால் இதழ் நின்றுவிடும். இதழ் ஓட வேண்டுமென்றால் பழி தீரக் கூடாது.

முடியவே முடியாத தொடர்கள்? ஸ்பான் மாதிரி?

டாட் மெக்ஃபார்லேன் 1992 மே மாதம் தொடங்கினார். முதல் இதழ் சுமார் 17 லட்சம் பிரதி விற்றது. கொலை செய்யப்பட்ட ஆல் சிம்மன்ஸ், மனைவியை ஒருமுறை பார்ப்பதற்காக நரகத்தின் தலைவன் மாலபோல்ஜியாவோடு ஒப்பந்தம் போட்டுத் திரும்பி வருகிறான். வந்து பார்த்தால் ஐந்து வருடம் ஓடிவிட்டது. மனைவி அவனுடைய நெருங்கிய நண்பனைக் கல்யாணம் செய்துகொண்டு குழந்தையோடு இருக்கிறாள். அவன் சக்திக்கு ஒரு அளவும் உண்டு. 9:9:9:9 என்று ஒரு எண். சக்தியைச் செலவழிக்கச் செலவழிக்க எண் இறங்கும். சைபர் ஆனால் நரகத்துக்குத் திரும்ப வேண்டும்.

இதைப் படித்தபோது என் கண் அந்த எண்ணின் மேலேயே இருந்தது. என் படகோட்டியின் தண்ணீருக்கு அதுதான் தாத்தா. ஆனால் நாளாக நாளாக அந்த எண்ணைப் பற்றிய பேச்சே குறைந்துபோனது. 100ஆவது இதழில், 2000இல், மாலபோல்ஜியாவின் தலை போயிற்று. முடிந்ததா? இல்லை. 185ஆவது இதழில் சிம்மன்ஸே தன்னை முடித்துக்கொண்டான், இன்னொருவன் ஸ்பான் ஆனான். முடிந்ததா? இல்லை. சிம்மன்ஸ் திரும்பி வந்தான். 2019இல் 301ஆவது இதழ் வந்து, படைப்பாளியே உரிமை வைத்திருக்கும் சூப்பர் ஹீரோ காமிக்ஸில் மிக நீளமானது என்று சாதனை படைத்தது. சாதனையை மதிக்கிறேன். ஆனால் ஒரு பழிவாங்கல் கதைக்கு அது பாராட்டா என்று தெரியவில்லை.

சொந்த வலியிலிருந்து எழுதினால் முடிவு நன்றாக வருமா?

ஜேம்ஸ் ஓபார் வரைந்த தி க்ரோவை வைத்து இதைக் கேட்பார்கள். அவருக்குப் பதினெட்டு வயதில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் அவர் காதலி இறந்தார். 1981இல் வரையத் தொடங்கி, 1989இல் முதல் இதழ் வெளிவந்து, பதிப்பகம் மாறி, 1992இல்தான் கதை முழுமையாக வெளிவந்தது. எரிக், ஷெல்லி என்ற ஜோடியை ஒரு கும்பல் கொல்கிறது. ஒரு காகத்தின் துணையோடு எரிக் திரும்பி வருகிறான். பழைய நினைவுக்குள் அவன் போகும்போதெல்லாம் 'பார்க்காதே' என்று காகம் தடுக்கிறது. அவன் கேட்பதில்லை.

கதை எங்கே முடிகிறது என்றால், எல்லோரையும் கொன்ற பிறகு அவன் ஷெல்லியின் கல்லறைக்கே திரும்பிப் போகிறான். பெரிய பூதம் எதுவும் இல்லை. இறந்தவளிடம் போய்ச் சேர்வதுதான் முடிவு. எனக்கு அது போதும். ஆனால் படைப்பாளிக்குப் போதவில்லை. வரைந்தால் மனம் ஆறும் என்று நினைத்ததாகவும், ஆறவில்லை என்றும் ஓபார் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2011இல், அப்போது வரைய முடியாமல் விட்ட காட்சிகளைச் சேர்த்து ஒரு புதிய பதிப்பு வெளியிட்டார். முப்பது வருடம் கழித்தும் ஒரு மனிதர் அந்தக் கதைக்குத் திரும்பிப் போகிறார் என்றால், அந்த முடிவை நான் குறை சொல்லக் கூச்சப்படுகிறேன்.

சரி, முழுக்கத் திருப்தி தந்த ஒரு கடைசி இதழைச் சொல்லுங்கள்.

மறுபடியும் ஸ்பெக்டர்தான், ஆனால் வேறு தொடர். ஜான் ஆஸ்ட்ராண்டர் எழுத, டாம் மேண்ட்ரேக் வரைய, 1992 முதல் 1998 வரை வந்தது. 62 இதழ்.

பின்னணி இது. 1940இல் ஜெர்ரி சீகலும் பெர்னார்ட் பெய்லியும் இந்தப் பாத்திரத்தைப் படைத்தார்கள். ஜிம் காரிகன் ஒரு போலீஸ்காரன். ரவுடிகள் அவனைப் பீப்பாயில் போட்டு, சிமெண்டை ஊற்றி நிரப்பி, தண்ணீரில் தள்ளுகிறார்கள். மேலே போனவனை ஒரு குரல் திருப்பி அனுப்புகிறது: பூமியில் குற்றம் ஒழியும்வரை உனக்கு ஓய்வு கிடையாது. இந்த நிபந்தனையைக் கவனியுங்கள். குற்றம் என்றைக்கு ஒழிவது, இவன் என்றைக்கு ஓய்வது? முதல் நாளே முடிவுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஆஸ்ட்ராண்டர் அந்தக் கதவைத் திறந்தார். 62 இதழ் முழுக்கக் காரிகனுக்குக் கோபம் ஏன் ஆறவில்லை, ஸ்பெக்டர் என்பது யார், தண்டனைக்கும் நீதிக்கும் என்ன உறவு என்று துருவிக்கொண்டே போனார். கடைசி இதழில் சண்டை இல்லை. காரிகனின் இறுதிச் சடங்கு. அவ்வளவுதான். ஐம்பது வருடத்துக்கு மேல் செத்தும் அடக்கம் ஆகாமல் திரிந்தவனுக்கு, தெரிந்தவர்கள் கூடி நின்று விடை கொடுக்கிறார்கள். அந்த இதழைப் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த வகைக் கதையில் எதிரி சாவதை முடிவு என்று நாம் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். நாயகன்தான் இன்னும் செத்து முடியவில்லை. அவனை முறையாகச் சாக விடுவதுதான் கடைசி இதழின் வேலை.

இதை இளங்கோவடிகள் எப்போதோ செய்துவிட்டார் என்பது வேறு விஷயம். மதுரை எரிந்ததும் பழி தீர்ந்தது. ஆனால் சிலப்பதிகாரம் அங்கே முடியவில்லை. பதினான்கு நாள் கழித்து, மலைமேல் வேங்கை மர நிழலில் நிற்கும் கண்ணகியைத் தேடிக் கோவலன் வருகிறான். அதற்குப் பிறகும் வஞ்சிக் காண்டம் என்று இன்னொரு காண்டமே இருக்கிறது. மதுரை எரிந்ததோடு நிறுத்தியிருந்தால் அவள் கடைசிவரை எரிந்த ஊரின் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

டெத் நோட்டை இந்த வகையில் சேர்க்கலாமா?

பெயரை எழுதினால் ஆள் செத்துப்போகும் ஒரு நோட்டு லைட் என்ற மாணவன் கையில் சிக்குகிற மங்கா அது. பழிவாங்கும் கதை அல்ல, தண்டிக்கும் கதை. ஆனால் முடிவு பற்றிய பேச்சு வந்தாலே அதுவும் வந்துவிடுகிறது. 108 அத்தியாயம். எல் என்ற துப்பறிவாளன் 58ஆவது அத்தியாயத்தில் இறந்த பிறகு கதை சரிந்தது என்று பலர் புலம்புவார்கள், நானும் புலம்பியிருக்கிறேன். ஆனாலும் கடைசியில் ஒரு விஷயத்தில் அது ஏமாற்றவில்லை. முதல் அத்தியாயத்திலேயே ரியூக் என்ற மரண தேவன், நீ சாகும்போது உன் பெயரை என் நோட்டில் நான்தான் எழுதுவேன் என்று லைட்டிடம் சொல்லிவிடுகிறான். 107இல் எழுதுகிறான். சொன்ன சொல். நடுவில் எவ்வளவு இழுத்திருந்தாலும் அந்த ஒரு கட்டத்துக்காக மன்னித்துவிட்டேன்.

எல்லாம் கனவு, அவன் சாகவே இல்லை, மனப்பிரமை என்று முடித்தால்?

புத்தகத்தைச் சுவரில் எறியலாம்.

பழி வாங்காமல் மன்னித்துவிடுவது?

ஐந்தாவது ஆளை மட்டும் மன்னிப்பது என்றால் எனக்கு ஒரு கேள்வி உண்டு. முதல் நாலு பேர் என்ன பாவம் செய்தார்கள், சீக்கிரம் சிக்கியதைத் தவிர? மன்னிப்பு வரப்போகிறது என்றால் அதன் வேர் இரண்டாவது இதழிலேயே தெரிய வேண்டும். கொன்ற பிறகு அவன் கை நடுங்குவதை ஒரு கட்டத்திலாவது காட்டியிருக்க வேண்டும்.

கடைசி இதழ் சொதப்பப்போகிறது என்று முன்னாலேயே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. முதலில் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். ஐந்து இதழுக்கு ஒரே ஆள் பென்சில் படத்தின் மேல் மை தீட்டியிருப்பார். ஆறாவதில் மூன்று பேர் பெயர் இருந்தால் நாள் நெருக்கியிருக்கிறது என்று அர்த்தம். பின்னணிக் காட்சிகள் காணாமல் போய், வெறும் வண்ணத்தில் முகங்கள் மட்டும் மிதக்கும். அப்புறம் எழுத்தின் எடை. படத்தில் காட்டவேண்டியதை வர்ணனைப் பெட்டிகள் சொல்ல ஆரம்பித்தால் பக்கம் போதவில்லை என்று பொருள். கடைசிக்கு முந்தின இதழில் புதுப் பாத்திரம் ஒன்று அறிமுகமாகி, அவருக்கு எல்லா ரகசியமும் தெரிந்திருந்தால் நான் பெருமூச்சு விட்டுவிடுவேன். நம்ம சாமியார் வந்துவிட்டார்.

முடிவு மோசம் என்று தெரிந்த தொடரை வாங்கிப் படிக்கலாமா?

படியுங்கள், ஆனால் தொகுப்பாக. மாதாமாதம் காத்திருந்து ஏமாறும் வலி வேறு, ஒரே ராத்திரியில் ஏமாறுவது வேறு. டொரோரோவை நான் யாருக்குக் கொடுத்தாலும் 'முடிவு இல்லை, தெரிந்துகொண்டு படி' என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். யாரும் திட்டியதில்லை. ஒருவர் மட்டும் புத்தகத்தையே திருப்பித் தரவில்லை.

அந்தப் படகோட்டி கதையை நீங்கள் எழுதினால் எப்படி முடிப்பீர்கள்?

ஐந்தாவது ஆளை நாலாம் பக்கத்திலேயே முடித்துவிடுவேன். ஆர்ப்பாட்டம் இல்லாமல், தூரத்திலிருந்து பார்த்த ஒரே கட்டத்தில். ஒரு கதவு, அதன் அடியிலிருந்து வழிந்து வரும் தண்ணீர். போதும்.

மிச்சம் பதினாறு பக்கம் இருக்கிறது. அவன் நடக்கிறான். தண்ணீர் இப்போது கணுக்காலளவுதான். முதலில் காலடி முழுதாகப் பதிகிறது, அப்புறம் குதிகாலும் விரலும் மட்டும், அப்புறம் விரல் நுனி. வழியில் யாரும் அவனைத் தடுப்பதில்லை. ஐந்து இதழாக அந்தப் பெண்ணின் பெயரை நான் எங்கேயும் சொல்லியிருக்க மாட்டேன்; அவளைக் கூப்பிடவேண்டிய ஆள் வாய் நிறையத் தண்ணீரோடு திரிந்தான். கரைக்கு வந்து அவன் வாயைத் திறக்கிறான். தண்ணீர் வரவில்லை. இதழ் முழுவதிலும் ஒரே ஒரு வசன பலூன், அதற்குள்ளே அவள் பெயர். பக்கத்தைத் திருப்பினால் விடிந்திருக்கிறது. கரை மணலில் ஈரமாகத் தொடங்கி, நடுவழியில் காய்ந்து, அவளுக்கு இரண்டடி முன்னால் நின்றுபோன காலடிகள். அவள் குனிந்து விளக்கை ஊதி அணைக்கிறாள்.

பூதம் இருந்தால் ஆற்றுக்கடியிலேயே தூங்கட்டும்.